விடை தெரிந்த கிருமி

டெல்லியின் நுண்ணுயிரியல் லேப்களில் அடிக்கடி சோதிக்கப்படும் ஒரு ஈ.கோலைக்கு நோயாளியே கிடையாது. 1946-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிரித்தெடுக்கப்பட்ட கிருமியின் வம்சம் அது; ஏடிசிசி 25922 என்றால் உலகெங்கும் லேப்காரர்களுக்குத் தெரியும்.

நோயாளியின் சிறுநீரில் வளர்ந்த கிருமியை ஜெல் தட்டில் பரப்பி, மருந்து ஊறிய காகித வில்லைகளை வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். அதன் விட்டத்தை அளந்துதான் எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று ரிப்போர்ட் எழுதுகிறார்கள். ஆனால் ஜெல்லின் கனம் 4 மி.மீ.யைத் தாண்டினாலும் வட்டம் சிறுக்கும்; கிருமிக் கரைசல் கெட்டியானாலும் சிறுக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வில்லை டப்பாவைத் திறந்தால், டெல்லியின் ஆகஸ்ட் மாத ஈரம் உள்ளே வியர்த்து, பெனிசிலின் வகை மருந்துகளின் வீரியத்தைக் குறைக்கும்.

இதையெல்லாம் பிடிக்கத்தான் விடை தெரிந்த அந்தச் சியாட்டில் கிருமி. ஜென்டாமைசின் மருந்து வில்லைக்கு அது 19 முதல் 26 மி.மீ. வரை வட்டம் காட்ட வேண்டும். 17 வந்தால் கோளாறு லேபில். 29 வந்தாலும் கோளாறுதான். சொல்லப்போனால் அதுதான் பெரிய ஆபத்து. எதிர்ப்புள்ள கிருமியையும் மருந்துக்கு அடங்கியதாகக் காட்டிவிடும் அல்லவா? எல்லாம் சரியாக இருந்தும், ஏறக்குறைய 20 முறைக்கு ஒருமுறை அளவு வரம்பைத் தாண்டலாம்; வரம்பை வகுத்த கணக்கே அப்படி. வருடம் முழுக்க ஒருநாளும் பிசகாத பதிவேட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

டெல்லிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புதுடெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-இல் கிடைத்த கிருமியின் நொதிக்கு, இந்த நகரத்தின் பெயரையே வைத்து என்டிஎம்-1 என்றார்கள். பெயர் வைத்ததில் இந்தியாவுக்குக் கோபம்; அந்தச் சண்டையில் அறிவியல் பின்னுக்குப் போனது. கடைசிக் கட்ட மருந்துகளான கார்பபெனெம்களையே உடைக்கும் அந்த நொதி வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும். சோதனை ஜெல்லிலோ துத்தநாகத்தின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அது குறைந்தால் நொதி முடங்கி, அடங்காத கிருமியும் தட்டில் அடங்கிக் காட்டும்.

சியாட்டில் கிருமி இதைக் காட்டிக்கொடுக்காது. அதனிடம் அந்த நொதியே இல்லை. ஆகவே என்டிஎம்-1 இருப்பது உறுதியான, ஏடிசிசி பிஏஏ-2146 போன்ற இன்னொரு கிருமியையும் பக்கத்திலேயே வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.