கஞ்சாச் செடியும் போதையின் மறுவீழ்ச்சியும்

நஞ்சுப் பொருளைச் சுத்திசெய்து, அளவறிந்து, துணைமருந்துகளோடு கூட்டி வழங்குதல் சித்த வைத்தியரின் தொன்மரபாகும். கஞ்சாவும் அவ்வாறே லேகியங்களிற் சேர்க்கப்பட்டு வந்தது. இம்மரபையும், அண்மைக்கால ஆராய்ச்சிச் செய்திகளையும் ஒருங்கு கேட்போர், "ஐஸ் பழக்கத்துக்குக் கஞ்சாவே மருந்து" என எண்ணிவிடுதல் கூடும். பாக்கு நீரிணையூடாகக் கஞ்சா கடத்தப்படும் வடபுலத்தில், அளவெட்டி போன்ற ஊர்களின் பெற்றாரும் ஆசிரியரும் இவ்வெண்ணத்தின் உண்மையை ஆராய்ந்து தெளிதல் இன்றியமையாதது.

ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமீனும் கொக்கெயினும் கிளர்ச்சியூட்டும் போதைப்பொருள்கள். இவை மூளையில் டோப்பமீன் என்னும் பொருளைப் பெருகச் செய்து இன்பவுணர்வைத் தூண்டுவன. பழக்கத்தை நிறுத்துவதினும் நிறுத்தியபடி நிலைத்திருத்தலே அரிது. பல திங்கள் கழிந்த பின்னரும் பழைய தோழனின் முகம், பழகிய ஒழுங்கை, மனக்கவலை ஆகியவற்றுள் ஒன்றே அடங்கிய வேட்கையை எழுப்பிவிடும். இதுவே மறுவீழ்ச்சி. அபின் இனப் போதைக்கு மெதடோன் முதலிய மருந்துகள் உள. கிளர்ச்சியூட்டிகளின் பழக்கத்துக்கோ அமெரிக்க மருந்து நிர்வாகம் இதுவரை எம்மருந்தையும் அங்கீகரித்ததில்லை.

கஞ்சாச் செடியிற் பல இரசாயனங்கள் உள. அவற்றுள் கன்னபிடியோலின் அமைப்பை 1963ஆம் ஆண்டிலும், மயக்கந் தரும் தெத்திரா ஐதரோ கன்னபினோலின் அமைப்பை 1964ஆம் ஆண்டிலும் இஸ்ரேல் நாட்டு இரசாயன அறிஞர் றபாயேல் மெக்கூலமும் அவர்தம் துணைவரும் தெளிவாக்கினர். ஒரே செடியிற் பிறந்தும் இவ்விரண்டின் செயல் வேறு. கன்னபிடியோல் போதை தருவதன்று.

2018ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார், கொக்கெயினுக்கோ மதுவுக்கோ பழக்கப்பட்ட எலிகளின் தோலில் ஏழு நாள் கன்னபிடியோல் களிம்பைத் தடவினர். போதையை நினைவூட்டும் அடையாளங்களாலும் மன அழுத்தத்தாலும் எழும் வேட்கை தணிந்தது. மருந்து சில நாளில் உடலைவிட்டு நீங்கியும் அதன் பயன் ஐந்து மாதம் வரை நீடித்தமை அறிஞரை வியப்பித்தது.

ஆயின், எலியிற் கண்டது மனிதரிடத்தும் பலிக்கும் எனத் துணிதல் கூடாது. கனடாவின் மொன்றியலில் கொக்கெயின் பழக்கமுடைய 78 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் கன்னபிடியோல் பெற்றோருக்கும் வெற்று மருந்து பெற்றோருக்கும் இடையே வேட்கையிலோ மறுவீழ்ச்சியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மறுபுறம், 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, ஹெரோயின் பழக்கத்தினின்று விலகியோரிடம் அதே பொருள் வேட்கையையும் பதற்றத்தையும் குறைத்ததெனக் காட்டியது. எனவே ஆராய்ச்சி முற்றுப்பெறவில்லை. நம்பிக்கைக்கு இடமுண்டு, முடிவுக்கு இடமில்லை.

இவ்வாய்வுகளில் எவரும் கஞ்சாப் புகையைக் குடிக்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளற்பாலது. அவர்கள் பெற்றது பிரித்தெடுத்து அளவிட்ட பொருள். களவாக விற்கப்படும் கஞ்சாவிலோ மயக்கும் பொருளே மிகுதி. அதன் அளவை விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான். அதனை மருந்தெனக் கொள்வோன் ஒரு போதையின்மேல் மற்றொன்றை ஏற்றுபவனே. வைத்தியரின் சுத்திமுறையையும் அளவையும் விட்டுச் செடியை மட்டும் கைக்கொள்வது சித்த மரபுமாகாது.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். கிளர்ச்சியூட்டிகளின் பழக்கத்தில் மூன்றாம் கூறு இன்னும் கைவரவில்லை. உளவள ஆலோசனையும், போதையின்றிக் கழித்ததைச் சோதித்தறிந்து சிறு பரிசளித்து ஊக்கும் முறையுமே இன்று நற்பயன் தருவன. இவை பேணுவோரின் துணையின்றி நடவா. ஆதலின், மீண்டு வந்த இளைஞனைப் பழிமொழியால் ஒதுக்காது வீடும் பள்ளியும் ஏற்றுக்கொள்வது, மருந்து வரும்வரை காத்திராது இன்றே செய்யத்தக்க சிகிச்சையாம்.