மாமா கொடுத்த சீட்டு

உங்கள் பிள்ளை உண்டிவில்லும் கையுமாக மரத்தடியில் நிற்கிறான். காலடியில் ஒரு செத்த குருவி. என்ன செய்வீர்கள்? முதுகில் இரண்டு வைத்து, உண்டிவில்லைப் பிடுங்கிப் பரண்மேல் எறிவீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பம்பாயில், கேத்வாடியில், ஒரு வீட்டில் வேறு மாதிரி நடந்தது. அந்தப் பையனுக்கு ஒரு வயதில் தகப்பனார் போனார். மூன்று வயதில் தாயாரும் போய்விட்டாள். மாமா அமிருத்தீன் தயாப்ஜியும், குழந்தையில்லாத மாமி ஹமீதா பேகமும்தான் வளர்த்தார்கள். மாமாவுக்கு வேட்டை என்றால் உயிர். பத்து வயதுப் பையன் கையில் காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்! அந்தப் பேட்டைக் குருவிகளின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

1908 வாக்கில் ஒரு நாள், விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் தெரிந்தது. ஊர்க் குருவிக்கு ஏது மஞ்சள்? இதைச் சாப்பிடலாமா, மார்க்கம் அனுமதிக்குமா என்று பையனுக்குச் சந்தேகம். மாமாவிடம் ஓடினான்.

இங்கேதான் அந்த மாமாவை எனக்குப் பிடித்துப்போயிற்று. எத்தனையோ காடு சுற்றியவர். ஏதோ ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். "போடா, படிக்கிற வேலையைப் பார்" என்று விரட்டியிருக்கலாம். நம்மில் பலர் தினம் செய்வது அதுதானே? அவரோ பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் காரியதரிசி மில்லார்டு துரைக்கு ஒரு சீட்டு எழுதி, குருவியையும் கொடுத்து, பையனையே அனுப்பினார்.

பையனுக்கு நெஞ்சு படபடத்தது. வெள்ளைக்காரரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆனால் துரை அவனை உட்கார வைத்து, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு விட்டாரா? பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை, இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகம் இரவல் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தவும், விவரம் குறித்து வைக்கவும் கற்றுக்கொள் என்றார். கின்னியர் என்ற அதிகாரியிடம் அழைத்துப்போய் அறிமுகமும் செய்து வைத்தார்.

குறித்து வைப்பது பையனுக்குப் புதிதல்ல. துப்பாக்கி வந்த புதிதில் ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகளைச் சுட்டிருக்கிறான். ஒவ்வொன்று விழுந்ததும், அடைகாத்த பெண் குருவி வேறு ஜோடி தேடிக்கொண்டதாம். படிக்கவே மனம் பதறுகிறது. ஆனாலும் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தான். அறுபது வருஷம் கழித்து அந்தக் குறிப்பு அச்சேறியது!

அந்தப் பையன்தான் ஸலீம் அலி. 1941-ல் அவர் எழுதிய 'இந்தியப் பறவைகள்' பற்றிய ஆங்கிலப் புத்தகம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. 1976-ல் பத்ம விபூஷண் பெற்றார்.

துப்பாக்கிக்கு நான் சிபாரிசு செய்வதாக எண்ணிவிடாதீர்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் அந்த விளையாட்டு ஜெயிலில் கொண்டு விடும். இப்போது ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். தேதி, நேரம், இடம், பறவை என்ன செய்தது — நாலே வரி. ஆனால் எழுதும் பொறுப்பு பிள்ளையுடையது. கையெழுத்து கோணலாக இருந்தாலும் நீங்கள் திருத்தி எழுதக்கூடாது.

எங்கள் மாடி வீட்டுப் பையன் ஒரு நாள் வந்து, "வால் அடியில் சிவப்பு, தலையில் கொண்டை, அது என்ன மாமா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. மில்லார்டு துரைக்கு நான் எங்கே போவது? ஸலீம் அலியின் புத்தகத்தை இருவருமாகப் புரட்டினோம். புல்புல்! நம் பக்கத்தில் சின்னான் என்பார்கள். மொட்டைமாடிக் குரோட்டன்ஸ் தொட்டியில் கூடு கட்டியிருந்தது.

முட்டை பொரிய இரண்டு வாரம் ஆகும் என்று நோட்டில் எழுதிக்கொண்டான். அன்று சாயங்காலமே தாயாரிடம் போய், "அதுவரைக்கும் அந்தப் பக்கம் துணி உலர்த்தக்கூடாது, அம்மா" என்று உத்தரவு போட்டுவிட்டான். அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கொடியை அவிழ்த்து எதிர்ச்சுவரில் கட்டினாள். மூன்று குஞ்சுகள் பறந்து போன பிறகும் கொடி அங்கேயேதான் இருக்கிறது.