குப்பை காப்பாற்றிய அரண்மனை

குரோஷியாவின் ஸ்பிளிட் துறைமுக நகரில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனைக்குள் நுழையச் சீட்டு வாங்க வேண்டாம். ஊரின் நடுப்பகுதியே அதுதான். மதிலை ஒட்டி வீடுகள், தூண்களுக்கு நடுவே கடைகள், சன்னல்களில் காயும் துணிகள்.

கி.பி. 305இல் தாமாகவே அரியணையை விட்டிறங்கிய டயோக்ளீஷியன், ஓய்வுக்காலத்தைக் கழிக்க இங்கே வந்தார். பக்கத்திலிருந்த சலோனாதான் அன்று பெருநகரம். அரண்மனையோ ஏறத்தாழ 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம், நான்கு வாசல்கள். மாளிகை பாதி, படைமுகாம் பாதி. சுண்ணாம்புக்கல் எதிரிலுள்ள பிராச் தீவிலிருந்து வந்தது, ஸ்பிங்ஸ் சிலைகள் எகிப்திலிருந்து வந்தன.

ஏழாம் நூற்றாண்டில் சலோனா அழிந்தபோது, தப்பியவர்கள் இந்த மதிலுக்குள் புகுந்து குடியேறினார்கள். பேரரசரின் கல்லறை மண்டபம் தேவாலயமானது. அவர் காலத்து அடக்குமுறையில் கொல்லப்பட்ட சலோனா ஆயர் டோம்னியஸின் பெயரைத்தான் அது இன்றும் தாங்கி நிற்கிறது. வரலாறு இவ்வளவு நேராகக் கணக்குத் தீர்ப்பது அபூர்வம்.

ஆனால் என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது நிலவறைதான். கடலோரச் சாலையிலிருந்து வெண்கல வாசலுக்குள் போனால் நேரே அங்குதான் நுழைவீர்கள். நிலம் கடலை நோக்கிச் சரிவதால், தென்பகுதியை மற்ற பகுதியின் மட்டத்துக்கு உயர்த்த வேண்டியிருந்தது. அதற்காக வளைகூரை போட்ட கல் மண்டபங்களைக் கீழே கட்டி, அவற்றின்மேல் பேரரசரின் அறைகளை எழுப்பினார்கள். மேல்சுவரின் பாரத்தைக் கீழ்ச்சுவர்தான் தாங்க வேண்டும். அதனால் மேலே என்ன அமைப்போ, பெரும்பாலும் அதேதான் கீழேயும்.

மேலிருந்த அறைகளில் பெரும்பகுதி இன்று இல்லை. கீழ்த்தளம் தப்பித்ததற்குக் காரணம் குப்பை. மேலே குடியிருந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வளைகூரையில் ஓட்டை போட்டுக் கழிவைக் கொட்டினார்கள். மண்டபங்கள் நிரம்பித் தூர்ந்தன. உள்ளே யாரும் புக முடியாததால் யாரும் இடிக்கவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கழிவை அள்ளி வெளியேற்றியபோதுதான் பேரரசர் எந்த அறையில் உண்டார், எந்தக் கூடத்தில் ஆட்களைச் சந்தித்தார் என்று கணிக்க முடிந்தது. சில கூரைகளில் அந்த ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தபடி நடங்கள்.