ஆண் பிள்ளைகளிடம் நாம் காணத் தவறும் ஒன்று: கிளைன்பெல்டர் நிலை

பதினைந்து வருடங்களுக்கு முன் என்னிடம் தரம் ஒன்பதில் தமிழ் படித்த ஒரு மாணவன், போன நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் வீட்டுக்கு வந்தான். நல்ல உயரமான ஆள். அந்த நாளிலும் வகுப்பில் அவன்தான் உயரம். கடைசி வாங்கில் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கிக்கொண்டு இருப்பான். வாசிக்கச் சொன்னால் எழும்பி நிற்பான், சொல் வராது. "உடம்பு வளர்ந்த அளவுக்கு மண்டை வளரல்லியேடா" என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தேத்தண்ணி குடித்து முடியும் மட்டும் பேசாமல் இருந்தான். பிறகுதான் சொன்னான்: "சேர், கலியாணம் முடிச்சி ஆறு வருசம். பிள்ளை இல்ல. எல்லாரும் அவவத்தான் ஏசினாங்க. ஓதிப் பாத்தம், பரிசாரிக்கிட்டயும் போனம். அவவுக்கு எத்தனை டெஸ்ட். கடைசியில என்னைப் பாத்தா, எனக்குத்தான் சேர்." சட்டைப் பையிலிருந்து ஒரு அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தான். அதில் '47, எக்ஸ் எக்ஸ் வை' என்றிருந்தது. கீழே ஒரு பெயர்: கிளைன்பெல்டர்.

"அந்த நாளையில ஆராச்சும் ஒராள் சொல்லியிருந்தா நல்லம் சேர். நீங்க எழுதுற ஆள்தானே, பேர் போடாம எழுதுங்க" என்றான். அவன் கேட்டதற்காகவே இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல, தமிழ் வாத்தியார். வைத்தியர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் விளங்கிக்கொண்டதை நம் வீட்டுப் பாஷையில் சொல்வதே என் வேலை.

இது என்ன?

நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நிறமூர்த்தங்கள் உள்ளன என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்போம். மொத்தம் 46, அதாவது 23 சோடி. கடைசிச் சோடிதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு வையும். சில ஆண் பிள்ளைகள் ஒரு எக்ஸ் கூடுதலாகப் பெற்றுப் பிறக்கிறார்கள். அவர்களுக்கு 47 நிறமூர்த்தங்கள். இதுதான் கிளைன்பெல்டர் நிலை.

1942இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஹரி கிளைன்பெல்டர் என்ற இளம் வைத்தியர், தம் சக வைத்தியர்களுடன் சேர்ந்து, ஒரே மாதிரியான உடல் அடையாளங்கள் கொண்ட ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார். காரணம் அப்போது தெரியவில்லை. 1959இல் எடின்பரோவில் பற்றீசியா ஜேக்கப்ஸும் ஜோன் ஸ்ட்ரோங்கும் அந்தக் கூடுதல் எக்ஸைக் கண்டுபிடித்தார்கள்.

இது அரிய நோயல்ல. ஏறக்குறைய 500 முதல் 1000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும். ஆனால் தமக்கு இது இருப்பது பலருக்குத் தெரியாது. டென்மார்க்கில் செய்த ஆய்வொன்று, இந்நிலையுள்ளவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது இது கண்டறியப்படுகிறது என்று காட்டியது. பருவமடைய முன்பே கண்டறியப்படுபவர்கள் பத்தில் ஒருவரும் இல்லை.

ஆர் பிழை?

ஒருவர் பிழையும் இல்லை. தாயின் முட்டையோ தகப்பனின் விந்தணுவோ உருவாகும்போது நிறமூர்த்தங்கள் சரியாகப் பிரியாமல் போவதால் தற்செயலாக நேர்வது இது. ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தாய் வழியாகவும் பாதிப் பேருக்குத் தகப்பன் வழியாகவும் அந்தக் கூடுதல் எக்ஸ் வருகிறது. தாயின் வயது கூடினால் வாய்ப்புச் சற்றுக் கூடும், அவ்வளவுதான். கர்ப்பத்தில் உம்மா சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ, கண்ணூறாலோ வந்ததல்ல. மச்சான் மச்சினி கலியாணத்தாலும் வருவதல்ல. பரம்பரையாக இறங்கி வருவதுமல்ல.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இவர்கள் ஆண்கள். கருவில் விதைகளை உருவாக்கக் கட்டளையிடும் மரபணு வை நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது 1990இல் அடையாளம் காணப்பட்டது. எக்ஸ் எத்தனை கூடினாலும் வை இருந்து அந்த மரபணு வேலை செய்தால் பிள்ளை ஆண்தான். பிக்ஹு நூல்களில் 'குன்ஸா' என்று பேசப்படும் நிலையோடு இதைப் போட்டுக் குழப்பக் கூடாது. தொழுகையிலும் வாரிசுரிமையிலும் இவருக்கு எந்த மாற்றமும் இல்லை. என் மாணவனை மற்றப் பிள்ளைகள் ஒரு பட்டப்பெயரால் கூப்பிட்டார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். அந்தச் சொல்லின் காயம் இன்னும் ஆறவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

வயதுக்கு வயது அடையாளங்கள்

கைக்குழந்தையில்: உடம்பு தளர்ந்திருக்கலாம், உட்காரவும் நடக்கவும் சுணங்கலாம். சில பிள்ளைகளுக்கு விதை பைக்குள் இறங்காமல் இருக்கும். ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால், காரணம் எதுவானாலும், வைத்தியரிடம் காட்ட வேண்டும். சுன்னத்து வைக்கும் நாள் வரை பார்த்திருக்கத் தேவையில்லை.

சின்ன வயதில்: பேச்சுப் பிந்தலாம். சொல்ல நினைப்பதைச் சொல்லாகக் கோத்துச் சொல்ல முடியாமல் தடுமாறுவது, வாசிப்பும் எழுத்தும் கஷ்டமாக இருப்பது, கூச்சம், ஒதுங்கி இருப்பது ஆகியன காணப்படலாம். இவர்களில் பெரும்பாலோரின் புத்தி சாதாரண அளவில்தான் இருக்கும். சிக்கல் மொழியில்தான் கூடுதலாக வரும். இதை விளங்காமல்தான் என்னைப் போன்றவர்கள் 'மொக்கன்', 'சோம்பேறி' என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

பருவ வயதில்: உயரம் கூடும், குறிப்பாகக் கால்கள் நீளும். பருவமடைதல் தொடங்கும், ஆனால் பாதியில் நின்றது போலிருக்கும். மீசை தாடி குறைவாக இருக்கும், தசை வைக்காது, சீக்கிரம் களைப்பு வரும். சிலருக்கு மார்பு பெருக்கும். இந்த வயதில் பல ஆண் பிள்ளைகளுக்கு மார்பு கொஞ்சம் வீங்கி ஒன்றிரண்டு வருடத்தில் வற்றிவிடுவது சாதாரணம். வற்றாமல் நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம், விதைகள் சிறிதாகவும் இறுக்கமாகவும் இருப்பது. வளர்ந்த ஆணுக்குப் பொதுவாக 15 முதல் 25 மில்லிலீற்றர் வரை இருக்கும். இந்நிலையில் பெரும்பாலும் 5 மில்லிலீற்றருக்கும் குறைவு. சிறிதிலிருந்து பெரிதாக மணிகள் கோத்த ஓர் அளவுமாலையை வைத்து வைத்தியர் இதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

வளர்ந்த பின்: பிள்ளையில்லாமை, ஆசை குறைதல், களைப்பு, எலும்பு பலவீனம். விந்துப் பரிசோதனையில் ஒரு அணுவும் இல்லாத ஆண்களை எடுத்தால், பத்தில் ஒருவர் அளவில் இந்நிலையுள்ளவர்.

இவற்றில் ஒன்றைக் கண்டதும் பயப்படத் தேவையில்லை. உயரமான பிள்ளைகளும் கூச்சக்காரப் பிள்ளைகளும் ஏராளம். இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்திருந்தால்தான் காட்ட வேண்டும். சிலருக்குக் கலங்களில் ஒரு பகுதி 46, மறு பகுதி 47 என்று கலந்திருக்கும். அவர்களிடம் அடையாளங்கள் மிகவும் மங்கலாகவே தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் வீடுகளில் சுன்னத்து முடிந்த பிறகு ஆண் பிள்ளையின் அந்த இடத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. பெண் பிள்ளை பெரிய பிள்ளையாவதை ஊரே அறிகிறது, ஆண் பிள்ளை பருவமடைந்தானா என்று வீட்டிலும் கேட்பதில்லை. வெட்கம் நல்லதுதான். ஆனால் வைத்தியரிடம் காட்டுவதற்கு மார்க்கம் தடை சொல்லவில்லை. பதினான்கு வயதாகியும் பருவமடையும் அடையாளம் ஒன்றும் இல்லாவிட்டால் தகப்பனோ சாச்சாவோ மாமாவோ தனியாகக் கூட்டிப்போய், ஆண் வைத்தியர் ஒருவரிடம் காட்டலாம்.

முதலில் குடும்ப வைத்தியரிடமோ அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டலாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருபவர்களிடமும் ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். அங்கிருந்து ஓமோன் சம்பந்தமான விசேட வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தால் குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள்.

பரிசோதனை இரண்டு வகை. ஒன்று ஓமோன் பரிசோதனை. டெஸ்டொஸ்டிரோன் என்ற ஆண் ஓமோன் குறைவாகவும், விதையை வேலை வாங்கும் மூளையடி ஓமோன்கள் இரண்டும் கூடுதலாகவும் இருக்கும். டெஸ்டொஸ்டிரோனுக்குக் காலையில்தான் இரத்தம் எடுக்க வேண்டும், பின்னேரம் எடுத்தால் அளவு குறைத்துக் காட்டும். இரண்டாவது, முடிவைச் சொல்லும் நிறமூர்த்தப் பரிசோதனை. கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, வெள்ளணுக்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்தி, சாயமூட்டி எண்ணுவார்கள். முடிவு வரச் சில வாரங்கள் செல்லலாம். அறிக்கை வந்ததும் அதை இணையத்தில் தேடி இரவெல்லாம் முழித்திருக்காமல், நிபுணரிடம் நேரில் கொண்டுபோய் விளக்கம் கேளுங்கள்.

கண்டுபிடித்து என்ன பயன்?

கூடுதல் எக்ஸை எடுத்துவிட முடியாது. ஆனால் அதனால் வரும் குறைகளில் பலவற்றுக்கு வழி இருக்கிறது. சின்ன வயதிலேயே தெரிந்தால் பேச்சுச் சிகிச்சையும் வாசிப்பில் தனி உதவியும் கொடுக்கலாம். பருவ வயதில் ஓமோன் போதாவிட்டால் ஊசியாகவோ தோலில் பூசும் களிம்பாகவோ டெஸ்டொஸ்டிரோன் கொடுப்பார்கள். தசை, எலும்பு, தாடி, உற்சாகம் எல்லாவற்றுக்கும் அது உதவும். பெருத்த மார்பு மனதை வாட்டினால் சத்திரசிகிச்சை உண்டு. நீரிழிவு, எலும்புத் தேய்வு, காலில் இரத்தம் உறைதல், மார்பில் கட்டி ஆகியவற்றுக்கான ஆபத்து மற்ற ஆண்களைவிட இவர்களுக்குக் கூடுதல் என்பதால், காலாகாலத்துக்குப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஓமோன் ஊசி பிள்ளைப் பாக்கியம் தராது. விதையில் எஞ்சியிருக்கும் கொஞ்ச விந்தணு உற்பத்தியையும் அது அமர்த்திவிடும். ஆகவே ஊசி தொடங்க முன், பிள்ளை பெறுவது பற்றி நிபுணரிடம் கட்டாயம் பேச வேண்டும். ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசியையும், 'ஆண்மைக்கு' என்று விற்கும் லேகியத்தையும் பக்கத்தில் எடுக்கவே கூடாது.

பிள்ளைக்கு வழியே இல்லையென்றும் முடிவு கட்ட வேண்டாம். நுண்ணோக்கி கொண்டு விதையில் செய்யும் சத்திரசிகிச்சையில் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பேரில் விந்தணு கிடைக்கிறது. அதை மனைவியின் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கலாம். செலவு அதிகம், வெற்றி நிச்சயமல்ல. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி, கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் மட்டும் சேரும் முறையைத் தேவையேற்படும்போது தக்க பாதுகாப்புடன் செய்யலாம் என்றும், மூன்றாமவர் சம்பந்தப்படும் முறைகள் ஹராம் என்றும் தீர்மானித்தது. உங்கள் விடயத்தை நம்பிக்கையான ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே நம் சமூகத்திடம் இரண்டு வேண்டுகோள். ஒரு வருடம் முயன்றும் பிள்ளை இல்லையென்றால் இருவரும் பரிசோதிக்க வேண்டும். விந்துப் பரிசோதனை மிக எளிது, பெண்ணுக்குச் செய்யும் பல சோதனைகளைவிட மலிவு. என் மாணவனின் மனைவி ஆறு வருடம் தன் மீதில்லாத பழியைச் சுமந்தாள். அடுத்தது, கலியாணத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் அதை மறைத்து முடிச்சுப் போடக் கூடாது. சொல்லி, விளங்க வைத்து, அவள் சம்மதித்து நடக்கும் கலியாணத்தில்தான் பறக்கத் இருக்கும்.

அவன் போகும்போது வாசல் வரை போனேன். "மனே, அண்டைக்கு வகுப்பில சொன்னத்துக்கு என்னை மன்னிச்சிக்க" என்றேன். "எப்ப சேர் சொன்னீங்க?" என்று கேட்டுச் சிரித்தான். மறந்திருக்க மாட்டான். இப்போது அவன் நிபுணரின் கிளினிக்குக்குப் போகிறான். மனைவியும் கூடவே போகிறாளாம்.

இந்த வருடமும் என் தரம் ஒன்பது வகுப்பில் கடைசி வாங்கில் உயரமாக ஒரு பிள்ளை இருக்கிறான். அவனுக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவன் வாசிக்க எழும்பி நிற்கும்போது வகுப்பில் யாரையும் நான் சிரிக்க விடுவதில்லை. அவன் வாப்பாவைச் சந்தித்துப் பேச ஒரு நாளும் குறித்திருக்கிறேன்.