பார்க்காமலே வந்த நட்பு

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நண்பர்களான கதை நாம் பள்ளியில் படித்ததுதான். புலவர்களுக்கு அது சரி, ரயில்வே இன்ஜினியருக்கு எப்படி என்று கேட்காதீர்கள். 1965-லேயே காலமாகிவிட்ட ஓர் இத்தாலியத் தொழிலாளி எனக்கு அப்படித்தான் நண்பரானார். பெயர் சைமன் ரோடியா. வாழ்ந்த இடம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதி.

மகள் வீட்டில் தங்கியிருந்தபோது மாப்பிள்ளைதான், "மாமா, உங்களுக்கு டிஸ்னிலேண்டை விட இதுதான் பிடிக்கும்" என்று அழைத்துப் போனார். ஸ்டேஷன் பெயரிலேயே 'வாட்ஸ் டவர்ஸ்' இருக்கிறது. சின்ன முக்கோண மனை ஒன்றில் பதினேழு அமைப்புகள். மிக உயரமான கோபுரம் 99½ அடி!

1879-இல் தெற்கு இத்தாலியில் பிறந்த ரோடியா, சிறு வயதிலேயே பிழைப்புக்காக அமெரிக்கா வந்தவர். படிப்பு அதிகமில்லை. 1921-இல் இந்த மனையை வாங்கி, 1954 வரை 33 வருடங்கள் தனி ஆளாகக் கட்டினார். பகலில் கூலி வேலை. மாலையிலும் விடுமுறையிலும் கோபுர வேலை. சாரம் கட்டவில்லை. ஜன்னல் துடைப்பவர்களின் பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு, கலவை வாளியுடன் தாம் கட்டிய வளையங்களிலேயே கால் வைத்து ஏறினார்.

வெல்டிங், போல்ட், ரிவெட் எதுவும் கிடையாது. இரும்புக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டி, வலை சுற்றி, சிமென்ட் கலவை பூசி, ஈரம் காயுமுன் உடைந்த பீங்கான், சிப்பி, செவன்-அப் பாட்டிலின் பச்சைக் கண்ணாடி என்று பதித்திருக்கிறார். பீங்கான் துண்டு பொறுக்கி வரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காசு கொடுப்பாராம். பைத்தியம் என்று சிரித்தவர்களும் உண்டு.

அவர் என் மனதில் இடம் பிடித்தது எதனால் தெரியுமா? கம்பியை வளைக்க, அருகில் ஓடிய ரயில் தண்டவாளத்தையே பிடிமானமாக வைத்துக்கொண்டார்! என் செக்‌ஷனில் இப்படிச் செய்திருந்தால் கேங்மேனை விட்டு விரட்டியிருப்பேன். ஆனால் பட்டறை இல்லாதவனுக்கு அதைவிட நல்ல கருவி ஏது?

1954-இல் மனையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மார்ட்டினெஸ் என்ற ஊருக்குப் போய்விட்டார். நகர நிர்வாகமோ, பாதுகாப்பற்ற கட்டடம் என்று இடிக்க உத்தரவிட்டது. பில் கார்ட்ரைட், நிக்கலஸ் கிங் என்ற இருவர் 3,000 டாலருக்கு அதை வாங்கினார்கள். விமானப் பொறியாளர் பட் கோல்ட்ஸ்டோன் ஒரு யோசனை சொன்னார்: "பளுச் சோதனை செய்து பார்ப்போம்."

நாள் 10-10-1959. உயரமான கோபுரத்தைப் பக்கவாட்டில் 10,000 பவுண்டு, அதாவது சுமார் நாலரை டன் விசையால் இழுத்தார்கள். சாய்ந்தால் 33 வருட உழைப்பு அன்றே மண்ணோடு மண். பாலங்களுக்கு லோடு டெஸ்ட் நடக்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் கையில் வரைபடமும் கணக்கும் இருக்கும். ரோடியாவிடம் வரைபடமே கிடையாது. கோபுரமோ நின்ற இடத்தில் நின்றது. இழுத்த சாதனம்தான் தோற்றது! இடிப்பு உத்தரவும் போயிற்று.

காரணம் இதுதான்: அகலமான சுவர் இல்லாததால் காற்று இடுக்குகளில் புகுந்து போய்விடும்; கால்களை வளையங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. டிப்ளமா வகுப்பில் நான் படித்ததை அவர் கையாலேயே அறிந்திருந்தார்.

1990-இல் அமெரிக்க அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் ரோடியா தாமே வைத்த பெயர் 'நுவெஸ்த்ரோ புவெப்லோ'. ஸ்பானிய மொழியில் 'நம் ஊர்' என்று பொருள். தம் தாய்மொழி இத்தாலியனில் அல்ல, அண்டை வீட்டார் பேசிய மொழியில் பெயர் வைத்தார். பிழைக்க வந்த ஊரை நம் ஊர் என்று சொல்ல, அந்த மண்ணில் நம் கையால் ஏதாவது செய்து வைக்க வேண்டும் போலிருக்கிறது. வெளிமாநிலத்தில் பிள்ளை குட்டிகளோடு வேரூன்றிய நமக்கு இதை விளக்க வேண்டுமா?

லாஸ் ஏஞ்சலஸில் பிள்ளைகள் இருக்கும் அன்பர்கள், அங்கே போனால் இவருக்காக அரை நாள் ஒதுக்குங்கள்.