வலி வரும் முன்

திருவண்ணாமலையில் முழுநிலவு நாளன்று மாலையில் பெருகத் தொடங்கும் கிரிவலக் கூட்டம் விடியும்வரை ஓய்வதில்லை. இந்திரலிங்கம் தொடங்கி ஈசான்யலிங்கம் ஈறாக எட்டு லிங்கங்களையும் வணங்கி, மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையை நடந்து முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். வழிநெடுகத் தேநீர்க் கடைகள். கரும்புச்சாறு பிழியும் வண்டிகள். அன்பர்கள் தொன்னையில் வழங்கும் சர்க்கரைப் பொங்கல்.

அப்பாதையில் இருவர் நடப்பதாக எண்ணிக்கொள்ளலாம். ஒருவர் புறப்படும் இடத்திலேயே ஒரு குவளை கரும்புச்சாற்றைக் குடித்து முடிக்கிறார். அதன்பின் அவர் அருந்துவது தண்ணீர் மட்டுமே. மற்றவர் அரை மணிக்கு ஒருமுறை ஒரு வாய்த் தேநீர், ஒரு துண்டு கடலைமிட்டாய் எனக் கொறித்துக்கொண்டே நடக்கிறார். நடை முடிகையில் இருவர் உடலிலும் சேர்ந்த சர்க்கரையின் அளவு ஒன்றே. ஆயினும் இரண்டாமவரின் பற்களே மிகுந்த கேட்டுக்கு உள்ளாகின்றன. பற்சொத்தை என்னும் நோயின் இயல்பு முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

அமிலமும் உமிழ்நீரும்

மனித உடலில் மிகக் கடினமான பொருள் எலும்பன்று. பல்லின் மேலுறையாகிய எனாமலே. அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு அது உருவாகிறது. இத்துணை உறுதி வாய்ந்த எனாமல் அமிலத்தின் முன் தோற்றுவிடுகிறது. பல்லின்மீது எப்போதும் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவையும் உண்டு, அமிலத்தை வெளியிடுகின்றன. வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து கனிமம் கரையத் தொடங்குகிறது.

1940களில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் இந்நிகழ்வை அளந்து காட்டினார். சர்க்கரை நீரால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே பற்படலத்தின் அமிலத்தன்மை உச்சத்தை அடைந்தது. பழைய நிலைக்குத் திரும்புவதற்கோ அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை தேவைப்பட்டது. அந்த இடைவேளையில் உமிழ்நீர் அமிலத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. கரைவதும் படிவதுமாகிய இந்த வரவு செலவு ஒவ்வொரு நாளும் வாயில் நடந்துகொண்டே இருக்கிறது. கிரிவலப் பாதையில் நடந்த முதலாமவரின் பற்களுக்கு ஒருமுறை இழப்பு நேர்ந்தது. அதனை ஈடுகட்ட நான்கு மணி நேரம் கிடைத்தது. இரண்டாமவரின் உமிழ்நீருக்கோ ஓய்வே கிட்டவில்லை. ஆகவே, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை இனிப்பு என்பதே பல்லின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

புழுவும் புகையும்

சொத்தை விழுந்த பல்லைப் ‘பூச்சிப்பல்’ என்று சொல்லும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உண்டு. பல்லுக்குள் புழு புகுந்து அரிக்கிறது என்னும் நம்பிக்கையின் எச்சம் அது. கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, எழும் புகையை வாயில் பிடித்துப் புழுவை வெளியேற்றும் நாட்டு முறையும் இருந்தது. இந்நம்பிக்கை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பழைய பாபிலோனியா முதல் ஐரோப்பாவரை பரவியிருந்தது. ஐரோப்பியர் வேறொரு செடியின் விதையை எரித்தனர். சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளிப்பட்ட வெண்ணிற முளைக்கருவையே மக்கள் புழுவென்று கண்டு வியந்தனர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1728ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் தம் நூலில் புழுக் கொள்கையை ஏற்க மறுத்தார். உண்மைக் காரணம் வெளிப்பட மேலும் 160 ஆண்டுகள் ஆயின. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர், பிடுங்கிய பற்களை உமிழ்நீரும் ரொட்டியும் கலந்த கலவையில் இட்டு உடல் வெப்பநிலையில் வைத்தார். பற்கள் கனிமத்தை இழந்து மென்மையாயின. நுண்ணுயிர்கள் உணவிலிருந்து உண்டாக்கும் அமிலமே சொத்தையின் முதற்காரணம் என 1890இல் அவர் வெளியிட்ட நூல் நிறுவியது. 1924இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ என்னும் பாக்டீரியாவைப் பிரித்தறிந்தார். புழு என்று முன்னோர் கருதியது முற்றிலும் பொய்யன்று எனலாம். உயிர் ஒன்று அரிக்கத்தான் செய்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது, அவ்வளவே.

சொத்தையின் பயணம்

சொத்தை ஓர் இரவில் தோன்றுவதில்லை. கனிமம் இழந்த இடத்தில் முதலில் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெண்புள்ளி ஒன்று தெரியும். அப்போது வலி இராது, கூச்சமும் இராது. இந்நிலையில் பல்லைத் துளைக்க வேண்டியதில்லை. ஃபுளூரைடு கலந்த பற்பசையால் நாள்தோறும் இருமுறை துலக்கி, இடைவிடாத இனிப்பை நிறுத்தினால் வெண்புள்ளி மீண்டும் இறுகிவிடும். ஃபுளூரைடு படிந்த எனாமல் முன்னைவிட வலிய அமிலத்தையும் தாங்குகிறது. செலவு என்று சொல்ல ஒரு பற்பசையின் விலையே உண்டு. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தரும் என்னும் வழக்கில் உண்மை உள்ளது. மென்று பிரித்த குச்சியின் நார் படலத்தை நீக்குகிறது. எனினும் அக்குச்சிகளால் ஃபுளூரைடு பற்பசையைப்போலப் பல்லைக் காக்க இயலாது. அடுப்புக்கரியும் செங்கல்தூளும் பல்லைத் தேய்த்துத் தீர்ப்பவை. அவற்றைத் தவிர்ப்பதே நன்று.

வெண்புள்ளியைக் கவனிக்காது விட்டால் எனாமல் இடிந்து குழி விழுகிறது. எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைத்தவுடன் மறைந்துவிடுவதால் அக்குழி தானாக மூடாது. சொத்தை உள்ளடுக்காகிய டென்டினை எட்டுகிறது. குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. சொத்தையை நீக்கிப் பல்லை அடைக்க ஒருமுறை மருத்துவரைக் கண்டாலே போதும். பிரிட்டனில் 1970களின் தொடக்கத்தில் உருவான ‘கிளாஸ் அயனோமர்’ என்னும் அடைப்புப் பொருள் பல்லோடு தானே ஒட்டிக்கொள்கிறது. சிறிது சிறிதாக ஃபுளூரைடையும் வெளியிடுகிறது. விலையும் குறைவு.

அதையும் தாண்டினால் சொத்தை பற்கூழை அடைகிறது. நரம்பும் குருதிக் குழாய்களும் நிறைந்த அப்பகுதி, விரிய இடமில்லாத கடினச் சுவர்களுக்குள் வீங்குகிறது. படுத்த பின் தலைப்பகுதியில் குருதி அழுத்தம் கூடுவதால் இரவில் பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. இப்போது பல்லைக் காப்பாற்ற வேர்ச் சிகிச்சை வேண்டும். மருத்துவரைப் பலமுறை காண வேண்டும். கடைவாய்ப்பல்லாயின் மேலே உறையும் பொருத்த வேண்டும். சிறிய அடைப்புக்கு ஆகும் செலவைப்போல் இது பல மடங்கு. அதற்கு வழியற்றோர் பல்லைப் பிடுங்கிக்கொள்கின்றனர். பிடுங்கிய இடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாய்கின்றன. எதிர்ப்பல் நீண்டு இறங்குகிறது. மெல்லும் ஆற்றல் குறைகிறது.

இந்நிலையில் ஏமாற்றுவது வலியன்று, வலி நிற்பதே. கிராம்பையோ கிராம்புத் தைலத்தையோ வைத்தால் பல் சற்று மரத்துப்போகும். அதிலுள்ள யூஜினால் என்னும் பொருளைப் பல் மருத்துவர்களும் பயன்படுத்துவதுண்டு. அது தற்காலிக அமைதி மட்டுமே. சில நாள்களில் வலி தானாக நின்றுவிட்டால் நோய் தீர்ந்ததென்று பலர் மகிழ்கின்றனர். பெரும்பாலும் அப்போது பற்கூழ் இறந்துபோயிருக்கும். தொற்று வேர் நுனி வழியே தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். தாடையின் கீழ் வீக்கம், காய்ச்சல், வாயைத் திறக்கவோ விழுங்கவோ இயலாமை ஆகியவை தோன்றினால் சிறிதும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனையை அடைய வேண்டும். அவ்வீக்கம் மூச்சுக்குழலை நெருக்கி உயிரையே பறிக்கக்கூடும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836இலேயே பதிவு செய்துள்ளார்.

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்னும் அச்சமும் பலரைத் தயங்க வைக்கிறது. பற்களின் உணர்ச்சி நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. முதுமையில் பல்லும் பார்வையும் ஒரே காலத்தில் தளர்வதால் பிறந்த எண்ணமாக இது இருக்கலாம்.

கைக்கெட்டும் மருத்துவம்

உலக மக்களுள் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய் நோய்கள் உள்ளன என்றும், அவர்களுள் 200 கோடிப் பேர் நிலைப்பற்களில் மருத்துவம் செய்யாத சொத்தையுடன் வாழ்கின்றனர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் தெரிவித்தது. மருந்தில்லாத நோயன்று இது. பணமும் தொலைவும் அச்சமுமே தடைகள்.

திருவண்ணாமலையில் இத்தடைகள் கண்கூடு. ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில் மாதக்கணக்கில் தங்கும் அயல்நாட்டார்க்கு இங்குள்ள தனியார் பல் மருத்துவமனைகளின் கட்டணம் தம் நாட்டை நோக்க மிக மலிவு. அதே கட்டணம் மாடவீதியில் பூக்கட்டி விற்பவர்க்குப் பல நாள் வருவாய். மலிவு என்னும் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள்.

அத்தகையோர்க்கு முதற்புகலிடம் அரசு மருத்துவமனையே. நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டைக் காலையிலேயே பெற்றுப் பல் மருத்துவப் பிரிவை அணுகலாம். பல்லை எடுப்பதும் அடைப்பதும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. வேர்ச் சிகிச்சையும் செயற்கைப் பல்லும் எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. அவற்றுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். சென்னையில் 1953இல் தோன்றிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும், அண்டையிலுள்ள புதுச்சேரியின் மகாத்மா காந்தி பல் மருத்துவ அறிவியல் நிறுவனமும் அத்தகையவை. கல்லூரிகளில் பயிற்சி மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் மருத்துவம் செய்கின்றனர். ஒவ்வொரு படியும் சரிபார்க்கப்படுவதால் நேரம் கூடுதலாகும், செலவு மிகக் குறையும். எங்குச் சென்றாலும் மருத்துவர் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்பதை அறிவது தேவை. சட்டம் அப்பதிவை வலியுறுத்துகிறது.

கட்டணம் இல்லை என்பதாலேயே செலவு இல்லை என்றாகிவிடாது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மாணவி பல் அடைக்க நகருக்கு வரவேண்டுமானால், மலைப்பாதையில் பேருந்தேறி ஒரு பகல் முழுவதும் செலவிட வேண்டும். உடன்வரும் தாய் அன்றைய கூலியை இழப்பார். இத்தகைய ஊர்களுக்கு மருத்துவத்தைக் கொண்டுசெல்லும் எளிய முறைகள் உள்ளன. 1980களில் தான்சானியாவில் உருவான முறையொன்றில் மின்சாரமும் துளைப்பானும் தேவையில்லை. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துக் கிளாஸ் அயனோமரால் அடைத்துவிடுவர். பள்ளி மேசையே மருத்துவ இருக்கையாகும். ஜப்பானில் நெடுங்காலம் வழங்கிவரும் வெள்ளி டையமின் ஃபுளூரைடு என்னும் நீர்மத்தைச் சொத்தையின்மீது பூசினால் அதன் பரவல் தடைபடுகிறது. பூசிய இடம் கறுத்துவிடுவது அதன் குறை. முன்பல்லில் பூசப் பலர் விரும்புவதில்லை. இந்நீர்மம், ஃபுளூரைடு பற்பசை, கிளாஸ் அயனோமர் ஆகியவற்றை உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

பள்ளிகளும் இதில் பங்கேற்கின்றன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்து, 18 வயதுவரை உள்ளோரைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் தேடும் நோய்களுள் பற்சொத்தையும் ஒன்று. பள்ளி மாணவர்களின் பற்களைப் பரிசோதிக்கத் தமிழ்நாடு அரசு 2023இல் ‘புன்னகை’ என்னும் திட்டத்தையும் தொடங்கியது.

பரிசோதனையின்போது மருத்துவர் முதலில் நோக்குவது பெரும்பாலும் முதற் கடைவாய்ப்பல்லையே. ஆறாம் வயதில் எந்தப் பாற்பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் அது ஓசையின்றி முளைக்கிறது. விழுந்து முளைக்கும் பாற்பல் என்றே பெற்றோர் பலர் அதனைக் கருதிவிடுகின்றனர். பள்ளங்கள் நிறைந்த அப்பல்லில் உணவு எளிதில் தங்குகிறது. பதினோராம் வகுப்பை எட்டும் மாணவரின் வாயில் அது பத்து ஆண்டுகள் உழைத்திருக்கும். இனி ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைக்க வேண்டும். அதனைச் சோதிக்க மருத்துவருக்குத் தேவைப்படுபவை ஒரு சிறு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் சில நிமிடங்களுமே.