தராசு கூறாத செய்தி

குழந்தை பிறந்தது என்று கேள்வியுற்றதும், ஆணா பெண்ணா என்று வினவுகிறோம். அடுத்து, எடை எவ்வளவு என்று கேட்கிறோம். மூன்று கிலோ என்றால் முகம் மலர்கிறது. இரண்டு கிலோ என்றால் கவலை படர்கிறது. அந்த எடைக்கும் ஐம்பது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய நெஞ்சு நோய்க்கும் தொடர்பு உண்டு என்று எவரேனும் சொன்னால் நம்புவோமா? மருத்துவ அறிஞர் பலரே முதலில் ஐயுற்றனர்.

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில், எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் அம்மையாரின் ஏற்பாட்டினால், 1911 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஓராண்டு நிறைந்தபொழுது இருந்த எடையையும் பேரேடுகளில் பதிந்து வந்தனர். பிற்காலத்தில் டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் அவ்வேடுகளை ஆராய்ந்தனர். 1911க்கும் 1930க்கும் இடையே பிறந்த 5,654 ஆடவரின் வரலாற்றை 1989இல் வெளியிட்டனர். பிறந்தபொழுதும் ஓராண்டிலும் எடை குன்றியிருந்தோரே இதய நோயால் மிகுதியாக மாண்டிருந்தனர்! நம் நாட்டில் மைசூரிலும், 1934 முதல் 1954 வரை ஒரு மிஷன் மருத்துவமனையில் பிறந்த 517 பேரைச் சோதித்தபொழுது, எடை குறைந்து பிறந்தோரிடம் இதய நோய் கூடுதலாக இருந்தது. அம்முடிவு 1996இல் வெளிவந்தது.

இதன் காரணம் யாது? கருவில் உணவு போதாதபொழுது, உடல் சிக்கனம் பழகுகிறது. கிடைத்ததை முதலில் மூளைக்கு அளித்து, ஏனைய உறுப்புகளைக் குறைத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணுறுப்புகள் பிறக்குமுன்பே அமைந்துவிடுபவை; பிறந்தபின் எத்துணை ஊட்டம் அளித்தாலும் அவற்றின் எண்ணிக்கை பெருகாது. அவை குறைவாக இருப்பின் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் உயர இடமுண்டு. அழுத்தம் உயர, இதயத்தின் சுமையும் ஏறுகிறது.

ஆயினும் எடை மட்டுமே முழுக் கதையன்று. புனே நகரை அடுத்த ஆறு சிற்றூர்களில், 1993 முதல் சித்தரஞ்சன் யாக்னிக் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் கருவுற்ற தாய்மாரையும், பின்னர் அவர்களுடைய மக்களையும் தொடர்ந்து ஆராய்ந்தனர். அங்குப் பிறந்த குழந்தையின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைக்கோ 3.5 கிலோ. நம் குழந்தையின் வயிறும் தசையும் மிகச் சிறுத்திருந்தன. ஆனால் தோள்பட்டைக்குக் கீழே தோலை இடுக்கி போன்ற கருவியால் பிடித்து அளந்தபொழுது, அங்கே கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைந்திருக்கவில்லை! பார்வைக்கு மெலிந்த உடல். உள்ளமைப்பிலோ தசை குறைந்து கொழுப்பு மிகுந்த உடல். தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலினும் கூடுதலாகவே இருந்தது. இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாத நிலை நீரிழிவுக்கு வழிவகுக்கும். நீரிழிவு இதயத்தின் பகை.

கொழுப்பு என்றாலே தீது என்று கருதிவிட வேண்டா. பிறந்த குழந்தைக்கு அது சேமநிதி. தசைக்கும் அதற்கும் உள்ள விகிதம் பிறழ்வதே இடர். மெலிந்து பிறந்த பிள்ளையைக் கொழுகொழுவென்று ஆக்கிக் காட்டவேண்டும் என்று பாட்டிமார் படும் பாட்டை நாம் அறிவோம். அந்த அன்பு போற்றத்தக்கதே. ஆனால் டெல்லியில் பிறப்பு முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களிடம் 2004இல் கண்டது வேறு. குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, இரண்டு வயதுக்குப் பின் படிப்படியாகப் பருத்து வந்தவர்களையே இளமையில் நீரிழிவு மிகுதியாகப் பற்றியிருந்தது.

எனவே ஆராய்ச்சியாளர் கவனம் தாயின் உணவின்பால் திரும்பியது. புனே சிற்றூர்த் தாய்மார் பெரும்பாலும் மெலிந்தவர்கள். கருவுற்ற நிலையிலும் வயலில் உழைப்பவர்கள். அவர்களுள் பால், கீரை, பழம் ஆகியவற்றை அடிக்கடி உண்டவர்கள் சற்றுப் பெரிய குழந்தைகளைப் பெற்றனர். கடும் உழைப்பாளிகளின் குழந்தைகள் சிறுத்திருந்தன. வயிறு நிறையச் சோறு உண்டாளா என்று மட்டும் கேட்கும் நம் வீடுகளில், கீரை உண்டாளா, சிறிது நேரமேனும் ஓய்ந்து அமர்ந்தாளா என்று கேட்போர் எத்தனை பேர்?